தேவாங்கும் தாந்தாமலைப் பாறையும்

போன கிழமை எங்கட குடும்ப வட்சப் குழுவில மருமகன் ஒரு வீடியோ போட்டிருந்தான். கடலுக்கடியில கோபுரங்கள், பின்னால உடுக்குச் சத்தம், "விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்ட குமரிக்கண்டம்" என்று தலைப்பு. மாமிமார் எல்லாரும் கைகூப்பி வைச்சிருந்தாங்க. நானும் பேசாம இருந்திருப்பன். ஆனா பொடியன் இந்த வருசம் உயர்தரத்துக்குப் புவியியல் எடுக்கிறான். "மாமா, கண்ட நகர்வு கேட்டா இதையும் சேர்த்து எழுதலாமா?" என்றான். இருபது வருசமா இதைப் படிப்பிச்சுச் சாப்பிடுறவனுக்கு அந்தக் கேள்வி வயித்தைக் கலக்கிப்போட்டுது.

குமரிக்கண்டத்துக்கு இன்னொரு பேராச் சொல்ற லெமூரியா என்ற பேரை வைச்சது தமிழன் இல்ல. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைச்சது. லெமூர் என்ற குரங்கு மாதிரி விலங்குகள் மடகஸ்காரில நிறைய. பக்கத்திலயே இருக்கிற ஆபிரிக்காவில அதுகளின்ர சொந்தக்காரர் குறைவு. ஆனா கடல் தாண்டி இந்தியாவிலயும் இலங்கையிலயும் எங்கட தேவாங்கு மரத்தில தொங்குது. இது எப்படி வந்தது? நடுவில ஒரு நிலம் இருந்து பிறகு தாழ்ந்திருக்க வேணும் என்று அவர் ஊகிச்சார். அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்கார ஊகம்தான். நிலம் பக்கவாட்டில நகரும் என்று நினைக்காத ஆக்களுக்கு, நிலம் தாழ்ந்தது என்று சொல்றதைத் தவிர வேற வழி இல்ல. பிறகு ஹெக்கல் என்ற ஜேர்மானியர் மனிச இனமே அங்கதான் பிறந்திருக்கும் என்றார். பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞானம் என்ற ஆன்மீக இயக்கத்துக்காரர் அதில விசித்திரப் பிறவிகளைக் குடியேத்தினாங்க. கடைசியா நாங்க வாங்கி, பேரை மாத்தி, முதல் ரெண்டு தமிழ்ச் சங்கத்தையும் கொண்டுபோய் வைச்சம். பாட்டன் முதுசம் என்று நாங்க கட்டிப்பிடிச்சிருக்கிறது, வெள்ளைக்காரங்களே கழிச்சுவிட்ட ஒரு ஊகம்.

கழிச்சுவிட்ட கதைதான் சுவாரசியம். 1912 ஜனவரியில, பிராங்பேர்ட் நகரத்தில, அல்பிரட் வெகனர் என்ற வானிலை ஆய்வாளர் எழும்பி, கண்டங்கள் ஒன்றாக இருந்து பிரிஞ்சது என்று பேசினார். அடுத்த மாதம், அந்தப் பேச்சைக் கேள்விப்படாத ஸ்கொட் என்ற ஆங்கிலேயரும் தோழர்களும், தென்முனைக்கு முதல் போற போட்டியில தோத்துத் திரும்பிக்கொண்டிருந்தாங்க. பசி, குளிர், கால் அழுகல். அந்த நிலைமையிலயும் அந்தாட்டிக்காவின் பியட்மோர் பனியாற்றில பொறுக்கின 16 கிலோ கல்லை அவங்க எறியல்ல. நவம்பரில உடல்களைத் தேடிக் கண்டெடுத்தபோது கல்லும் பக்கத்தில இருந்தது. அதில குளொசொப்டெரிஸ் என்ற செடியின்ர இலை பதிஞ்சிருந்தது. இந்தியாவின் நிலக்கரிப் படைகளிலயும், தென்னாபிரிக்காவிலயும், அவுஸ்திரேலியாவிலயும் கிடக்கிற அதே இலை. அதின்ர விதை காத்தில கடல் கடக்கிற அளவு சின்னதில்ல.

இவ்வளவு இருந்தும் வெகனரை அனேகர் நம்பல்ல. நகர்த்தினது எந்தப் பலம் என்று கேட்டாங்க. அவர் சொன்ன விடை பிழை. 1930இல் கிரீன்லாந்துப் பனியில, 50 வயசில, செத்துப்போனார். விடை வந்தது 1960களில, கடலடியில இருந்து. சமுத்திரத்தின் நடுவில நீளத்துக்கு ஒரு மலைத்தொடர். அதின்ர வெடிப்பால பாறைக்குழம்பு மேல வந்து ஆறும்போது, அந்த நேரத்துப் புவிக்காந்தம் எந்தப் பக்கம் பார்க்குதோ அதைத் தனக்குள்ள பதிச்சுக்கொள்ளுது. காந்தமோ இடைக்கிடை தலைகீழாக மாறுறது. அதால தொடருக்கு ரெண்டு பக்கமும் ஒரே ஒழுங்கில பட்டை பட்டையா வரிசை. மருதமுனைச் சாறனை நடுவால மடிச்சா ரெண்டு கரையிலயும் கோடு பொருந்துமே, அப்படி. தறியில துணி வாற மாதிரி கடலடி நடுவில நெய்யப்பட்டு ரெண்டு பக்கமும் விலகுது. வைன், மத்தியூஸ் என்ற ரெண்டு ஆய்வாளர் இதை 1963இல் எழுதினாங்க. நல்ல ஆதாரம் வைச்சிருந்த வெகனரின்ர கருத்தே அம்பது வருசம் காத்திருக்க வேண்டி வந்தது. எங்களிட்ட ஆதாரம் கேட்டா மட்டும் "தமிழனை மறைக்கிறான்" என்று கத்துறம்.

பெருமைதான் வேணுமென்றால் அது உண்மைக் கதையிலயே கிடக்குது. இந்தியா, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒட்டியிருந்த பழைய தெற்குப் பெருங்கண்டத்துக்கு உலகம் முழுக்கச் சொல்ற பேர் கொண்டுவானா. மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின்ர நாட்டுப் பேர் அது. அவங்கட கோண்டி மொழி திராவிட மொழி, தமிழுக்குத் தங்கச்சி. இதை ஏன் ஒருத்தரும் உடுக்கடிச்சு வீடியோ போடுறதில்ல?

எங்கட ஊர்ப் பங்கும் இருக்குது. தாந்தாமலை முருகனைக் கும்பிட ஏறின எல்லாரும் அந்தப் பாறையில குந்தியிருப்பம். மட்டக்களப்பு, அம்பாறை இருக்கிற இந்தக் கிழக்குப் பகுதியைப் புவியியலில விஜயன் தொகுதி என்பாங்க. இதின்ர பாறைகளில சிலது ஏறக்குறைய 100 கோடி வருசம் பழசு. மேற்கால மலைநாட்டுப் பாறைகள் ஏறக்குறைய 55 கோடி வருசத்துக்கு முன், கொண்டுவானா ஒட்டிக்கொண்ட நேரத்தில, ஆழத்தில வெந்து உருமாறினது. அதே வயசில, அதே பக்குவத்தில வெந்த பாறை இன்னொரு இடத்திலயும் இருக்குது: அந்தாட்டிக்காவில, யப்பானின் சியோவா ஆய்வு நிலையம் இருக்கிற குடாப் பக்கம். கொண்டுவானாவில இலங்கைக்கு அது அடுத்த வளவு. மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் வீடியோவை மறந்திட்டான்.

"அப்ப மொரீசியஸில கண்டம் கண்டுபிடிச்சது பொய்யா?" என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். பொய்யில்ல. 2017இல் அந்தத் தீவின் எரிமலைப் பாறைக்குள்ள 300 கோடி வருசப் பழைய சிர்க்கோன் என்ற கனிம மணிகள் எடுத்தது உண்மை. கண்டம் பிரிஞ்சபோது தெறிச்ச ஒரு துண்டு அடியில கிடக்குது. அது பிரிஞ்சது மனிசன் என்ற சாதியே இல்லாத காலத்தில, பல கோடி வருசத்துக்கு முதல். குமரிக்குத் தெற்கே கடலடியில பரந்து கிடக்கிறது பசோல்ட்டு என்ற பாரமான எரிமலைப் பாறை. கண்டப் பாறை அதைவிட இலேசு, ஒரு நாடு முழுக்கக் கல்லுப் போட்ட மாதிரித் தாழாது.

கடல்கோள் என்று எங்கட பழைய நூல்கள் சொல்றதை நான் தள்ளிவைக்கல்ல. 20,000 வருசத்துக்கு முன் கடல் இப்பவிட 120 மீற்றரளவு கீழ நின்றது. இந்தியாவுக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு பனி உருகிக் கடல் ஏறினது. அதோட, கடல் ஊரை எடுக்கிறதுக்குக் கண்டம் தாழத் தேவையில்லை என்று எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.

2004 மார்கழி 26 காலையில நாவலடியில இருந்த பெரியம்மாவை இன்னும் காணல்ல. அகதி முகாமில ஒரு ஆள் வந்து, "லெமூரியா போன மாதிரி கிழக்கும் போகப்போகுது" என்று சொல்லிக்கொண்டு திரிஞ்சார். சனம் நடுங்கிச்சு. தகடு என்றால் நிலத்தையும் கடலடியையும் சுமந்துகொண்டு நகருற பெரிய பாறைப் பலகை என்று அப்ப ஒருத்தரும் சொல்லல்ல. எங்களைச் சுமக்கிற இந்தியத் தகடு வருசத்துக்குச் சில சென்ரிமீற்றர், நகம் வளருற வேகத்தில, வடகிழக்கால போகுது. சுமாத்திராவுக்குப் பக்கத்தில அது இன்னொரு தகட்டுக்குக் கீழ போற இடத்தில பல நூறு வருசமா இறுகிப்போய் நின்றது, அண்டைக்கு 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீளத்துக்கு ஒரேயடியா வழுக்கிச்சு. கடலடி எழும்ப, தண்ணி எழும்பிச்சு. அலை எங்களிட்ட வர ஏறக்குறைய ரெண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த ரெண்டு மணித்தியாலமும் நாங்க சும்மா இருந்தம்.

2012 சித்திரையில திரும்ப, 8.6 அளவில நிலம் குலுங்கினபோது கரையோரமே ஓடினது. பெரிய அலை வரல்ல. அந்த முறை தகடு தனக்குள்ளேயே பக்கவாட்டில உரசினது, தண்ணியை மேல தூக்கல்ல. இதைத்தான் நான் வகுப்பில அரை மணித்தியாலம் படிப்பிக்கிறன். புத்தகத்தில ரெண்டு பக்கமும் இல்ல.

வீடியோ குழுவில இன்னும் கிடக்குது, மாமிமாரோட சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்ல. சனிக்கிழமை மருமகனை மோட்டார் சைக்கிளில தாந்தாமலைக்கு ஏத்திக்கொண்டு போறன். பாறையில கோடு பார்க்க ஒரு பூதக்கண்ணாடி வாங்கச் சொல்லியிருக்கிறான், கடையில கேட்டிருக்கிறன்.