அழுத்தித் தேய்த்தால் விளிம்பு சீராகாது

மலிவான மடக்குச் சவரக் கத்தியின் விளிம்பில் தீட்டிய பட்டை (விளிம்பை ஒட்டிய சாய்வான தளம்) ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் ஒல்லியாகவும் இருந்தால், கல்லில் அழுத்தித் தேய்த்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சவரக் கத்தியைத் தீட்டும்போது முதுகும் (விளிம்புக்கு எதிரே உள்ள தடித்த பக்கம்) விளிம்பும் சேர்ந்தே கல்லில் படியும். கோணத்தைத் தீர்மானிப்பது முதுகுதான். அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்துகொடுக்கும், முதுகும் வீணாகத் தேயும். நல்ல கத்திகள்கூட இப்படித்தான் பாழாகின்றன.

பட்டையின் அகலம் மாறுவது பல நேரம் பார்வைக்கு மட்டுமே குறை. முதுகின் தடிமன் சீராக இல்லாவிட்டாலோ அலகு லேசாக முறுக்கியிருந்தாலோ அப்படித்தான் தெரியும். இரு பக்கப் பட்டைகளும் விளிம்பின் முழு நீளத்துக்கும் சந்திக்கின்றனவா என்பதே முக்கியம். மார்க்கர் பேனாவால் விளிம்பில் மை பூசி, 1000 எண் கல்லில் (எண் கூடக்கூடக் கல் நயமாகும்) லேசான கையோடு ஓரிரு முறை இழுத்துப் பாருங்கள். மை அழியாத இடத்தைக் கல் தொடவே இல்லை. பெரும்பாலும் அது குதிகாலிலோ (கைப்பிடியை ஒட்டிய முனை) நுனியிலோ இருக்கும். அலகு வளைந்திருந்தால் குறுகலான கல் நல்லது. கத்தியைக் குறுக்காக இழுத்தபடியே, எடை குதிகாலிலிருந்து நுனிக்கு மெல்ல மாறும்படி உருட்டிக்கொடுங்கள். முதுகைக் காக்க டேப் ஒட்டலாம், ஆனால் ஒட்டினால் கடைசிக் கல் வரை ஒட்டியே தீட்டுங்கள்.

பட்டைகள் முழு நீளத்துக்கும் சந்திக்கும் முன்பே 8000 எண் கல்லுக்கோ தோல் வாருக்கோ தாவ வேண்டாம். அவை மெருகேற்றும், வடிவத்தைத் திருத்தாது.