ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை 'லோன்சம்' என்ற பழைய படத்தைத் திரையிட்டபோது, அதில் பேச்சு வரும் காட்சிகளில் மட்டும் ஒலியை நிறுத்திவிட்டதை நண்பர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். ஆனாலும், 'பார்வையாளர்களின் நலன் கருதியே ஒலியை நிறுத்தினோம்' என்று அமைப்பாளர்கள் தந்த விளக்கத்தைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

பால் ஃபேயோஸ் இயக்கத்தில் 1928-இல் யுனிவர்சல் வெளியிட்ட 'லோன்சம்' ஒரு 'பாதி பேசும் படம்', அதாவது பெரும்பகுதி ஊமையாகவும் சில காட்சிகளில் மட்டும் பேச்சோடும் இருக்கும் படம். நியூயார்க்கில் தனிமையில் வாடும் ஆலைத் தொழிலாளி ஒருவனும் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தியும் அந்நகரின் கடற்கரைக் கேளிக்கைத் தலமான கோனி தீவில் சந்தித்து, அன்றே கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிடுகிறார்கள். ஊமைப்படமாக எடுத்த பிறகு மூன்று பேச்சுக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. நம் ரசனைக் காவலர்கள் வாயடைத்தது அந்த மூன்றையும்தான். அக்காட்சிகளில், ஊமைப்படங்களில் வசனத்தைக் காட்டும் எழுத்தட்டைகளும் கிடையாது என்பதால், கடற்கரை மணலில் காதலர்கள் வாயசைக்க, நாம் ஒன்றும் விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தோம். இதுதான் நலன் போலும்.

'பேச்சு செயற்கையாக இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறதுதான், யார் மறுத்தார்கள்? கேளிக்கைப் பூங்காவில் கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றித் திரிந்த கேமரா, பேச்சு தொடங்கியதும் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுகிறது. கேமராவின் இரைச்சல் பதிவாகிவிடக் கூடாது, நடிகர்கள் மைக்கை விட்டு விலகிவிடவும் கூடாது என்று அஞ்சிய காலம் அது. அந்தத் தடுமாற்றத்தை எங்கள் காதால் கேட்கத்தானே நாங்கள் வந்தோம்?

ஆங்கிலம் தெரியாத என் அம்மா இதே படத்தை வீட்டில் என்னோடு பார்த்தபோது, அந்த இடம் வந்ததும், "ஏன்டா, இவ்வளவு நேரம் ஓடியாடிக்கிட்டு இருந்ததுங்க, இப்ப போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்குதுங்க?" என்று கேட்டார். திரைப்பட வரலாற்று வகுப்பு எதிலும் உட்காராதவருக்குப் புரிந்தது, நமக்குப் புரியாது என்று யாரோ முடிவு செய்கிறார்கள்.

ஒலிக்கருவி இல்லாத அரங்குகள் அந்தக் காலத்தில் ஏராளம், அங்கெல்லாம் இதை ஊமைப்படமாகவே பார்த்தார்கள் என்பது உண்மை, அதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் போட்டது ஒலியுள்ள பிரதி. அடுத்தடுத்த அறைகளில் குடியிருப்பதே தெரியாத இருவரும், சுவரைத் தாண்டிக் கேட்கும் இசைத்தட்டால்தான் இறுதியில் ஒன்றுசேர்கிறார்கள். அந்த ஒலியை மட்டும் பெருந்தன்மையோடு விட்டுவைத்தீர்கள், நன்றி.

இதைக் கேட்டதற்கு, 'பழசு என்றால் எல்லாவற்றையும் கும்பிடுகிற கூட்டம்' என்று எனக்குப் பட்டம் வேறு. கும்பிடவில்லை ஐயா, கட்டணம் கட்டிப் பார்க்க வந்தேன். அடுத்த மாதத் திரையிடலுக்கும் அறிவிப்பு வந்திருக்கிறது. அன்று ரிமோட் யார் கையில் இருக்கும் என்பதையும் அதிலேயே போட்டுவிடுங்கள், வருவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.