டிக்ராமுக்குக் கிடைத்த நான்கு வருடங்கள்

18 கோடியே 50 லட்சம் டாலர். 2022-ல் அமெரிக்க பேஸ்பாலில் இந்தத் தொகை இரண்டு முறை செய்தியில் வந்தது. மேஜர் லீக் என்ற உச்ச லீகின் அணிகளுக்கு ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் கீழ்நிலை அணிகள்தான் மைனர் லீக். அந்த மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குச் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலியைக்கூடத் தரவில்லை என்று ஒரு வழக்கு எட்டு வருடம் நடந்தது. அதை முடித்துக்கொள்ள மேஜர் லீக் நிர்வாகம் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை இது. இருபதாயிரம் பேருக்கு மேல் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய பணம், வக்கீல் கட்டணமும் அதற்குள்ளேயே. அதே வருடம் டிசம்பரில் ஜேக்கப் டிக்ராம் என்ற ஒரே ஒரு பிட்சரை (பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிபவர்) ஐந்து வருடத்துக்கு எடுக்க டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி போட்ட ஒப்பந்தமும் அதே 18 கோடியே 50 லட்சம்தான்.

டிக்ராம் மீது எனக்குத் துளியும் பொறாமை இல்லை. நான் பார்த்த பிட்சர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர். ஒரு பைசாகூட அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. டிக்ராம் மேலே வந்த ஏணியைத்தான் இப்போது கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

அவர் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஃபுளோரிடாவில் டிலேண்ட் என்ற சின்ன ஊர்க்காரர். உள்ளூரிலேயே இருக்கும் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடினார், அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஃபீல்டர். கை பலமான கை, பேட்டிங் சுமார். மூன்றாம் ஆண்டில்தான், 2010-ல், பந்து எறியவே வைத்தார்கள். புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அந்த வருட டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் ஒன்பதாவது சுற்றில், மொத்த வரிசையில் 272-வது ஆளாக எடுத்தது. அப்போது அவருக்கு 22 வயது ஆகப்போகிறது. மற்ற பிட்சர்கள் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து செய்துவருவதை அவர் சில மாதங்கள்தான் செய்திருந்தார்.

முதலில் டென்னசி மலைப்பக்கத்தில் உள்ள கிங்ஸ்போர்ட்டில் மெட்ஸின் மைனர் லீக் அணிக்கு அனுப்பினார்கள். ஆறு ஆட்டம். முழங்கையில் வலி. அக்டோபரில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. முழங்கையின் உள்பக்கம் கிழிந்துபோன தசைநாருக்குப் பதிலாக உடம்பின் வேறொரு இடத்திலிருந்து எடுத்த தசைநாணை எலும்பில் துளையிட்டுக் கோத்துக் கட்டுவது. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்ததால் அந்தப் பெயர். மீண்டு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். 2011 சீசன் முழுக்க டிக்ராம் ஒரு பந்துகூட ஆட்டத்தில் எறியவில்லை.

அந்த வீணாய்ப்போன வருடத்தில்தான் அவர் பிட்சரானார் என்று நான் நம்புகிறேன். ஃபுளோரிடாவில் போர்ட் செயின்ட் லூசியில் மெட்ஸ் பயிற்சி முகாமில் சிகிச்சைக்குப் பிறகான பயிற்சியில் இருந்தபோது, அதே இடத்தில் தோள் அறுவை சிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்தார் யோஹான் சன்டானா. வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கியவர். அந்தக் காலத்தில் அவரைவிட நன்றாக சேஞ்சப் எறிந்தவர்கள் அரிது. சேஞ்சப் என்றால் வேகப்பந்து எறியும் அதே கைவீச்சில் மணிக்குப் பத்து மைல் குறைத்து அனுப்புவது. பேட்ஸ்மேன் பந்து வருமுன்னே பேட்டை வீசிவிடுவார். அதை எப்படிப் பிடிப்பது என்று சன்டானா இந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒன்பதாவது சுற்றில் வந்தவர், ஆறே ஆட்டம் ஆடியவர், கையில் தையல் போட்டவர். இப்படிப்பட்ட ஒருவரை அணி வைத்திருந்ததால்தான் அந்தப் பாடம் நடந்தது.

2012-ல் ஜார்ஜியாவில் சவானா. அங்கே நன்றாக எறிந்தார், செயின்ட் லூசிக்கு ஏற்றினார்கள், அங்கேயும் நன்றாக எறிந்தார். 2013-ல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன், அப்புறம் லாஸ் வேகஸ். அந்த வருடம்தான் எனக்கு முக்கியம். ஏனென்றால் அந்த வருடம் அவர் நன்றாக ஆடவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டார் என்று சொல்லும் இ.ஆர்.ஏ. கணக்கில் அந்த சீசன் நாலரை அளவில் இருந்தது. மைனர் லீகில் நாலரை என்றால் சாதாரணம். வயது 25. முழங்கையில் தழும்பு. மெட்ஸ் ரசிகர்கள் அப்போது பேசிய பெயர்கள் மேட் ஹார்வி, சாக் வீலர், நோவா சின்டர்கார்ட். டிக்ராம் பெயரை யார் சொன்னார்கள்? நாடு முழுக்க உள்ள சிறந்த நூறு இளம் ஆட்டக்காரர்கள் என்று வருடா வருடம் வரும் பட்டியல்களில் அவர் இல்லை.

2014 மே 15. மெட்ஸ் பிட்சர் டில்லன் கீக்குக் காயம். ரிலீவராக இடையில் எறிய அழைத்து வந்த டிக்ராமை, வேறு வழியில்லாமல் யாங்கீஸுக்கு எதிராக முதல் பந்திலிருந்தே எறிய விட்டார்கள். ஏழு இன்னிங்ஸ், ஒரே ரன். மெட்ஸ் 1-0 என்று தோற்றது. அந்த சீசனில் அதுவரை மெட்ஸ் பிட்சர்கள் யாருமே பேட்டால் ஒரு ஹிட்கூட அடித்திருக்கவில்லை, அதையும் அன்றைக்கு இவர்தான் அடித்தார். பழைய ஷார்ட்ஸ்டாப் இல்லையா! சீசன் முடிவில், மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம். 2018-ல் இ.ஆர்.ஏ. 1.70, சை யங் விருது. 2019-ல் மறுபடியும்.

இதை யாரும் முன்கூட்டியே பார்க்கவில்லை. மெட்ஸும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்பதாவது சுற்று வரை காத்திருக்குமா? மெட்ஸ் செய்தது ஒன்றே ஒன்று, அவரை வெளியே அனுப்பவில்லை. பந்து எறியும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மேலே ஆட ஆட, வேகம் மட்டும் இருந்தால் போதாது என்பது அடி வாங்கித்தான் புரியும். ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து எறியும் பிட்சர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் எறிய முடியும், கை அதற்கு மேல் தாங்காது. அதனால் அனுபவம் மெதுவாகத்தான் சேரும். இந்தக் காலத்தைக் குறுக்கும் வழி எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

இப்போது அந்த ஊர்களின் நிலையைப் பாருங்கள். கிங்ஸ்போர்ட்டில் இன்று தொழில்முறை பேஸ்பால் கிடையாது. அங்கிருந்த அப்பலாச்சியன் லீகையே 2021 முதல் கல்லூரி மாணவர்கள் கோடையில் ஆடும் லீகாக மாற்றிவிட்டார்கள். சவானா அணி தெற்குக் கரோலைனாவின் கொலம்பியாவுக்குப் போய்விட்டது. பிங்ஹாம்டன் பெயரும், மேஜர் லீக் நிர்வாகம் 2019-ல் நீக்கத் திட்டமிட்ட 42 அணிகளின் பட்டியலில் இருந்தது. எப்படியோ தப்பியது. எனக்கு அந்த ஊர் மைதானம் பிடிக்கும். ரயில் பாதைக்குப் பக்கத்தில், பிட்சரின் மூச்சு வாங்கல் தெரியும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அது பட்டியலில் வந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

மொத்தத்தில் 160 அணிகள் 120 ஆயின. 40 சுற்று நடந்த டிராஃப்ட் கொரோனா வருடத்தில் ஐந்தாகச் சுருங்கி, 2021 முதல் 20-ஆக நிற்கிறது. டிக்ராமின் ஒன்பதாவது சுற்று இதிலும் பிழைத்துக்கொள்ளும்தான். மார்க் பெர்லி பிழைத்திருப்பாரா? சிகாகோ ஒயிட் சாக்ஸ் 1998-ல் அவரை எடுத்தது 38-வது சுற்றில். மிசௌரியில் ஒரு சின்ன கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த இடக்கை பிட்சர். 2000-லேயே மேஜர் லீகுக்கு வந்துவிட்டார். 2005-ல் உலகத் தொடர் வென்ற அணியில் இருந்தார். 2009-ல் ஒரு பேட்ஸ்மேனைக்கூட பேஸ் ஏறவிடாத பெர்ஃபெக்ட் கேம். வாழ்நாளில் 214 வெற்றி. இன்றைய டிராஃப்டில் அவர் பெயரை வாசிக்கும் சுற்றே இல்லை. எந்த அணியும் டிராஃப்டுக்கு வெளியே கூப்பிட்டு எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுக்கலாம். ஆனால் கூப்பிடும் இடங்களும் குறைந்துவிட்டனவே.

அடுத்தது சம்பளம். 2021-க்கு முன்னால் மைனர் லீகின் கீழ்நிலையில் வாரத்துக்கு 290 டாலர். டபுள்-ஏ என்று சொல்லும், மேஜர் லீகுக்கு இரண்டே படி கீழே இருக்கும் நிலையில் 350. அதுவும் சீசன் நடக்கும் ஐந்து மாதத்துக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சி முகாமுக்குச் சம்பளம் இல்லை. குளிர்காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் பயிற்சி செய்வதும் கட்டாயம், அதற்கும் இல்லை. கணக்குப் போட்டால் டபுள்-ஏ பிட்சரின் ஆண்டு வருமானம் அந்த நாட்டின் வறுமைக்கோட்டுக்கும் கீழே. ஒரே வீட்டில் ஐந்தாறு பேர், காற்றடைத்த மெத்தை, இரவெல்லாம் பஸ் பயணம், சீசன் முடிந்ததும் கிடங்கு வேலை. முதல் சுற்றில் பல லட்சம் டாலர் கையெழுத்துப் பணம் வாங்கியவருக்கு இது பெரிய தொந்தரவில்லை. கடைசிச் சுற்றுகளில் ஆயிரம் டாலரோடு வந்தவருக்கு? அவர் திறமை தீர்ந்து வெளியேறுவதில்லை, கைக்காசு தீர்ந்துதான் வெளியேறுகிறார். டிக்ராமின் 2013 போல ஒரு சுமாரான வருடம் வந்தால், 25 வயதில், கல்யாணமும் ஆகியிருந்தால், வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை எதிர்த்து வழக்குப் போட்டவரும் ஒரு பிட்சர்தான். காரெட் புரோஷுயிஸ். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் மைனர் லீக் அணிகளில் ஆறு சீசன் எறிந்தார், மேஜர் லீகை எட்டவில்லை. ஓய்வுபெற்றுச் சட்டம் படித்தார். 2014 பிப்ரவரியில், டிக்ராம் யாங்கீஸை எதிர்த்து எறிவதற்கு மூன்று மாதம் முன்பு, ஏரன் சென்னி முதலிய முன்னாள் வீரர்களுக்காக வழக்கைத் தொடுத்தார். அணி முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. 2018-ல் அரசு செலவினங்களுக்கான 2,232 பக்க மசோதாவுக்குள், மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குக் கூடுதல் நேரக் கூலி சட்டம் பெரும்பாலும் பொருந்தாது என்று ஒரு பகுதியைச் சேர்க்க வைத்தார்கள். அதையும் மீறி வழக்கு நின்றது. விசாரணை தொடங்கும் நேரத்தில் சமரசத்துக்கு வந்தார்கள். என்னைக் கேட்டால், டிக்ராமின் இரண்டு சை யங் விருதுகளுக்குச் சமமான சாதனை புரோஷுயிஸ் செய்தது. அவர் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்?

அதன் பிறகு வேகமாக மாறியது. 2022 சீசனிலிருந்து தங்குமிடம் அணியின் பொறுப்பு. அந்த செப்டம்பரில் மேஜர் லீக் வீரர் சங்கத்திலேயே ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மைனர் லீக் வீரர்கள் சேர்ந்தார்கள். 2023 மார்ச் கடைசியில் அவர்களுடைய முதல் கூட்டு ஒப்பந்தம். டபுள்-ஏ சம்பளம் ஆண்டுக்கு 13,800 டாலரிலிருந்து 30,250 ஆனது. அதற்கு மேல்நிலையான டிரிபிள்-ஏயில் 17,500 என்பது 35,800. படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

ஆனால் அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரி. ஒவ்வொரு அணியும் அமெரிக்காவில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்களின் உச்சவரம்பு 180-லிருந்து 165 ஆகக் குறையும், 2024 முதல். முப்பது அணிகள், அணிக்குப் பதினைந்து பேர், 450 இடம் போனது. சம்பளத்தைக் கூட்டியதற்கு விலையாக ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த 450 பேர் யாராக இருப்பார்கள்? முதல் சுற்றில் வந்தவர்கள் கிடையாது. காயத்திலிருந்து தேறிக்கொண்டிருப்பவர்கள், தாமதமாகப் பிட்சரானவர்கள், ஒரு வருடம் சரியாகப் போகாதவர்கள். 2011 டிக்ராம், 2013 டிக்ராம்.

இப்போது கேமரா, ரேடார், பந்தின் சுழற்சியை அளக்கும் கருவி எல்லாம் இருப்பதால் திறமையை முன்பே கண்டுபிடித்துவிடலாம், அத்தனை பேரை வைத்திருக்கத் தேவையில்லை என்பது அணி நிர்வாகங்கள் தரப்பு வாதம். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சுழற்சியை அளக்கலாம், வேகத்தை அளக்கலாம். சன்டானா சொல்லிக்கொடுத்ததை அடுத்த இரண்டு வருடத்தில் ஒருவர் எப்படிக் கைவசப்படுத்துவார் என்பதை அளக்கும் கருவி எங்கே இருக்கிறது? முழங்கை கிழிந்த மறுநாள் எந்தக் கருவியும் டிக்ராமுக்கு நல்ல மதிப்பெண் போட்டிருக்காது. 2023-ல் ரேஞ்சர்ஸுக்காக ஆறு ஆட்டம் ஆடியதும் அதே முழங்கைக்கு இரண்டாவது முறை அறுவை சிகிச்சை ஆனது. 2025-ல் முழு சீசனும் எறிந்தார், 37 வயதில். பெரிய ஒப்பந்தம் இருந்ததால் காத்திருந்தார்கள். 22 வயதில் அவருக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை, பட்டியலில் ஓர் இடம் மட்டும்தான் இருந்தது.

இந்தக் கூட்டு ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது. 120 அணிகளுக்கும் தந்திருக்கும் பத்து வருட உரிமம் 2030 வரை. இரண்டு பேச்சுவார்த்தையிலும் சம்பளத்தைக் காட்டி எண்ணிக்கையைக் குறைக்கும் பேரம் மறுபடி வரும் என்று எதிர்பார்க்கிறேன். சங்கம் அதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. 180-ஐத் திரும்பக் கேட்க வேண்டும். டிராஃப்டில் இன்னும் பத்து சுற்றாவது கூட்ட வேண்டும். காயம்பட்டுச் சிகிச்சையில் இருக்கும் மைனர் லீக் வீரர்களை உச்சவரம்புக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று தனியாக ஒரு விதி வேண்டும். டிக்ராமுக்குக் கொடுத்த தொகையில் வருடத்துக்கு மூன்று கோடியே எழுபது லட்சம் டாலர் ஆகிறது. டபுள்-ஏ சம்பளக் கணக்கில் அது ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் வரும். 450 இடத்துக்குப் பணமில்லை என்று முப்பது முதலாளிகள் சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.