ட்ரொலப்பின் கடிகாரம்

எழுத்து ஓடாத நாளில் பேனாவை மூடி வைத்துவிட்டு, மனசு கனியும்வரை காத்திருக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, மாதக் கடைசிக்குள் கதையை அனுப்பியாக வேண்டியவர் என்ன செய்வார்?

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரொலப் மொத்தம் 47 நாவல்கள் எழுதியவர். அவற்றில் பல, தபால் துறை வேலையில் இருந்தபோதே எழுதியவை. விடிகாலை 5.30க்கு மேசையில் இருப்பார். எழுப்பிவிடுவதற்கென்றே வேலைக்காரருக்கு வருஷம் 5 பவுண்ட் கூடுதல் சம்பளம்! எதிரில் கடிகாரம், கால்மணிக்கு 250 சொற்கள். 1883இல், அவர் இறந்த பிறகு வெளிவந்த சுயசரிதையில் இதைப் படித்துவிட்டு, இது எழுத்தா தொழிற்சாலையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

எல்லாரும் அந்த 250ஐத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அதற்கு முன் அவர் செலவிட்ட அரைமணி நேரம். முந்தைய நாள் எழுதியதை, ஓசை சரியாக விழுகிறதா என்று காது கொடுத்து வாசிப்பார். நானும் அப்படித்தான் வாய்விட்டு வாசிக்கிறேன். எங்காவது தேவையில்லாத ஒரு ‘ஆனால்’ இடறும். அதை எடுக்கப்போனால் பக்கத்து வாக்கியம் ஆடும், அதைச் சரிசெய்வதற்குள் அடுத்த பத்தி கைக்கு வந்திருக்கும். வெள்ளைத்தாளை முறைத்துக்கொண்டிருந்தால் இது நடக்காது.

கவிஞர்களுக்கு இந்தக் கால்மணிக் கணக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.