சிறுநீர்ப்பைக் கட்டி திரும்ப வந்தால் டாக்டர் தப்பா?

"சிறுநீர்ப்பைப் புற்றுக்கட்டியை ஒருமுறை எடுத்தால் முடிந்தது. திரும்ப வந்தால் டாக்டர் சரியாக எடுக்கவில்லை. அடிக்கடி கேமரா விட்டுப் பார்ப்பது பணம் பறிக்கத்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

துணுக்கு விட்டுப்போவதும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது காரணங்களில் ஒன்று மட்டுமே. புகைபிடிப்பவரின் சிறுநீர்ப்பை உட்சுவர் முழுவதும் வருடக்கணக்கில் நச்சு கலந்த சிறுநீரில் ஊறியிருக்கும். பார்வைக்கு வழுவழுவென்று இருக்கும் இடத்திலும் மரபணு மாறிய செல்கள் பரவிக் கிடக்கலாம். முதல் கட்டியிலும், பிறகு வேறு மூலையில் முளைத்த கட்டியிலும் அதே மரபணு மாற்றம் பலரிடம் காணப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே செல்லின் வாரிசுகள். அப்புறம், கட்டியை வெட்டும்போது கழன்று மிதக்கும் செல்கள் புண்ணான இடத்தில் ஒட்டி வளரவும் வாய்ப்புண்டு. சிலருக்கு அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள் கீமோ மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவது இதற்காகத்தான்.

தசைக்குள் இறங்காத கட்டிகள்கூட அடிக்கடி திரும்பும். அதனால்தான் 3-ஆவது மாதத்தில் முதல் கேமரா சோதனை. ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் (EAU) வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி யாராவது சோதனையைத் தள்ளிப்போட்டால் ஆபத்து. தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.