பெயர் மாறினால் அழைப்பும் குறைகிறது

"அமெரிக்காவில் படிப்பும் அனுபவமும் இருந்தால் போதும், கறுப்பினத்தவருக்கு வேலையில் தடையே இல்லை, தனி ஆதரவுத் திட்டங்கள் வீண்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் பாஸ்டன், சிகாகோ நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட 5,000 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதிகள் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்குச் சுமார் 10 விண்ணப்பத்துக்கு நிறுவனத்திடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்கள் என்றால் ஒரு அழைப்புக்குச் சுமார் 15 அனுப்ப வேண்டியிருந்தது. முடிவுகள் 2004-இல் வெளியாயின. கூடுதல் தகுதி சேர்த்தபோது வெள்ளையர் பெயர்களுக்கு அழைப்பு நன்றாகக் கூடியது, கறுப்பினப் பெயர்களுக்கு அவ்வளவாகக் கூடவில்லை. எனக்கு மிகவும் வலித்தது இதுதான். இன்னும் படி, இன்னும் உழை என்ற அறிவுரையே அவர்களுக்குப் பாதி பலன்கூடத் தருவதில்லையே!

சரி, பழைய ஆய்வு என்பீர்கள். அப்புறம் 108 பெரிய நிறுவனங்களுக்குச் சுமார் 83,000 விண்ணப்பங்கள் அனுப்பிய ஆய்விலும் இரு வகைப் பெயர்களுக்கும் இடையே இடைவெளி தெரிந்தது. முன்பைவிடச் சிறியது. அந்த இடைவெளியில் ஏறக்குறைய பாதி, ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களில் குவிந்திருந்தது. ஆளெடுப்பைக் கிளைகளிடம் விடாமல் ஒரே இடத்திலிருந்து நடத்திய நிறுவனங்களில் பாகுபாடு குறைவாக இருந்தது.