ஒரே ஒரு எச்சரிக்கை போதும் என்று யார் முடிவு செய்தது?

ஜாவா நிரல்மொழியின் 11ஆம் பதிப்பிலிருந்து 17க்கு மாறுங்கள், பழைய நிரல் அப்படியே ஓடும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கே ஓடுகிறது? நாங்கள் எழுதியதில் ஒரு வரிகூட மாறவில்லை. சர்வரைத் தொடங்கியதுமே 'இன்அக்சஸிபிள் ஆப்ஜெக்ட் எக்ஸெப்ஷன்', அதாவது உள்ளே நுழைய அனுமதி இல்லை என்ற பிழையோடு விழுந்துவிடுகிறது. தோண்டிப் பார்த்தால், கோளாறு நாங்கள் சேர்த்த, பிறர் எழுதிய ஆயத்த நிரல்தொகுப்பான லைப்ரரியில்கூட இல்லை. அது தன் தேவைக்கு இழுத்துவந்த வேறொரு லைப்ரரியில் இருக்கிறது. அதை எழுதியவர் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. யாரிடம் போய் முறையிடுவது?

ஜாவாவின் உட்பகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்து வெளியார் நுழையாமல் காக்கும் மாட்யூல் முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜாவா தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் உள்வகுப்புகளை எவர் வேண்டுமானாலும், நிரல் ஓடும்போதே வகுப்புகளுக்குள் எட்டிப்பார்க்க உதவும் ரிஃப்ளெக்‌ஷன் மூலம் குடைந்த காலம் முடிய வேண்டியதுதான். அதை முடித்த விதம்தான் வயிற்றெரிச்சல். 2017 செப்டம்பரில் ஜாவா 9 வந்தபோது, பழைய நிரல்கள் உடையக் கூடாது என்று இப்படிக் குடையும் அத்துமீறல்களை அனுமதித்தார்கள். நல்லது. ஆனால் முதல் அத்துமீறலுக்கு மட்டும்தான் எச்சரிக்கை! அதன்பிறகு எத்தனை லைப்ரரிகள் உள்ளே நுழைந்தாலும் ஒரு சத்தமும் இல்லை. எல்லாவற்றையும் காட்டச் சொல்லும் தேர்வு இருந்தது. அதைத் தெரிந்து கேட்டவர்களுக்கு மட்டும். சர்வரின் பதிவேடான லாக்கில் அந்த ஒற்றை எச்சரிக்கையைக் காட்டி, சரிசெய்ய நேரம் கேட்டால், "ஓடுகிறது அல்லவா, விடுங்கள்" என்பதுதான் மேலிடத்துப் பதில்.

2021 மார்ச்சில் ஜாவா 16 அத்துமீறலை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. பழையபடி அனுமதிக்க அப்போதும் ஒரு வழி இருந்தது. ஆறே மாதத்தில் 17 அதையும் அடைத்துவிட்டது. நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகளை மட்டுமே தொடும் எங்களைப் போன்றவர்கள் 16ஐக் கண்ணாலும் பார்க்கவில்லை. 11இல் எல்லாம் ஓடியது, 17இல் முகத்தில் அடித்தாற்போல் கதவு சாத்தப்பட்டது.

இப்போது சர்வரைத் தொடங்கும் எங்கள் ஸ்கிரிப்டில், அடைத்த உள்வகுப்புகளைத் திறந்துவிடும் 'ஆட்-ஓப்பன்ஸ்' வரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஜாவா.லாங் என்ற வகுப்புத் தொகுப்புக்கு ஒன்று, ஜாவா.யூட்டிலுக்கு ஒன்று, ஜாவா.டைமுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஆல்-அன்நேம்டு', அதாவது மாட்யூல் பெயர் இல்லாத எல்லாவற்றுக்கும். ஏதோ ஒரு பழைய லைப்ரரிக்காகத் திறந்துவிட்டாலும், ஜாவா வகுப்புகளைத் தேடும் இடமான கிளாஸ்பாத்தில் கிடக்கும் அத்தனை ஜார்களுக்கும், அதாவது லைப்ரரிக் கோப்புகளுக்கும், அது திறந்துவிடுகிறது. இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? எந்த வரி எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று அடுத்து வருபவருக்கு எப்படித் தெரியும்? பயந்துகொண்டு ஒன்றையும் நீக்க மாட்டார்.

எந்த ஜார் எந்த வகுப்பைக் குடைந்தது என்ற முழுப் பட்டியலையும் 9இலேயே கேட்காமல் கொடுத்திருந்தால், 11இல் இருந்த காலத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றியிருப்போம்.